மேற்கோள்காரர்கள்

அடுத்தவர் எழுதின வாக்கியத்தைப் பேர் சொல்லாமல் எடுத்து எழுதினால், அதற்குச் சொந்தக்காரர் நேரே நம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்வார் என்பது இன்றைக்குச் சேந்தன்குறிச்சியில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். ஆனால் முதல் ஆள் வந்து இறங்கின அன்றைக்கு யாருக்கும் எதுவும் தெரியாததனால், கல்லூரி விடுதி வாட்ச்மேன் அவரை இன்சூரன்ஸ் ஏஜெண்ட் என்று நினைத்து வெயிலிலேயே நிறுத்திவைத்துவிட்டார், பாவம். வந்தவர் குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, "ரெண்டாம் வருசம் வரலாறு படிக்கிற பையன் ஒருத்தன் என் வாக்கியம் ஒண்ணை அசைன்மென்ட்டுல வெச்சிருக்கானாம், அவன் ரூம் எதுய்யா?" என்று கேட்டார். கோபம் கிடையாது, சண்டை கிடையாது. ரூமைக் காட்டினதும் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார், குடிக்கத் தண்ணீர் கேட்டார், மத்தியானம் மெஸ்ஸில் வரிசையில் நின்று சாப்பிட்டார், ராத்திரி பையனுடைய பாயில் பாதியை வாங்கிக்கொண்டு படுத்தார். அவர் செத்து வெகுகாலம் ஆன மனுசர் என்பது பையனுக்குப் பிறகுதான் தெரிந்தது, அதற்குள் அவர் சாம்பாரில் உப்புக் குறைவு என்று குறை சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டிருந்தார்.

இது எதனால் என்று ஊர் கொஞ்ச நாள் பேசிப் பார்த்தது. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஏதோ சுற்றறிக்கையின் வேலை என்றார்கள் சிலர், பங்குனியில் கோயில் கொடைத் திருவிழாவை நிறுத்தினதனால் சாஸ்தா கோபித்துக்கொண்டார் என்றார்கள் சிலர். அப்புறம் பேச்சை விட்டுவிட்டு, வந்தவர்களை எங்கே படுக்கவைப்பது என்ற கவலைக்குப் போய்விட்டார்கள், ஏனென்றால் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். உயிரோடு இருக்கிறவர்கள் பஸ்ஸில் வந்தார்கள், இல்லாதவர்கள் எதில் வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. விருந்தும் மருந்தும் மூணு நாள் என்பார்கள், இவர்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. நாலு பேர் புஸ்தகத்தைக் கலந்து கட்டி எழுதினவன் வீட்டில் நாலு பேர் பந்தியில் உட்கார்ந்தார்கள். கல்லூரி வாசலில் சங்கரபாண்டி டிடிபி சென்டர் என்று ஒரு கடை, போன வருசத்து ஆய்வேட்டில் பேரை மட்டும் மாற்றி இந்த வருசத்துப் பிள்ளைக்குக் கொடுப்பதில் அந்தக் கடைக்காரர் கைதேர்ந்தவர், அவர் வீட்டில் நடக்கக்கூட இடமில்லாமல் போய், பெண்டாட்டி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஊர் அவர்களுக்கு மேற்கோள்காரர்கள் என்று பேர் வைத்தது. ஷேர் ஆட்டோக்காரர்கள் பஸ் ஸ்டாண்டில் நின்று, "மேற்கோளா? ஏறுங்கய்யா, விடுதி, பேங்க் காலனி, மேலத்தெரு!" என்று கூவ ஆரம்பித்தார்கள். வீட்டுக்காரர்கள் மாணவர்களுக்கு வீடு கிடையாது என்று போர்டு மாட்டினார்கள். பெண் கொடுக்கப் போகிற இடத்தில் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால், சோபாவில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள்தானா என்று விசாரித்தார்கள். கல்லூரி முதல்வர் வீட்டு ஊஞ்சலில் கதர்ச் சட்டை போட்ட ஒருத்தர் வந்து உட்கார்ந்து மாசக்கணக்காக எழுந்திருக்கவே இல்லை, முதல்வர் வருகிறவர்களிடமெல்லாம் அவரைத் தன் பெரியம்மா மகன் என்று அறிமுகம் செய்துவைத்தார். "ஒங்க பெரியம்மாவுக்குத்தான் பிள்ளையே கெடையாதே" என்று அவர் பெண்டாட்டி காப்பித் தம்ளரை டங்கென்று வைத்துவிட்டுப் போன சத்தம் அடுத்த தெரு வரைக்கும் கேட்டதாகச் சொல்வார்கள்.

அவர்களை அனுப்புகிற வழி ஒன்றுதான், அதையும் ஊர் பட்டுப் பட்டுத்தான் கற்றுக்கொண்டது. பக்கத்தின் அடியில் அவர் பேரையும், புஸ்தகத்தின் பேரையும், பதிப்பகத்தையும், வருசத்தையும், எந்தப் பக்கத்தில் எடுத்தது என்பதையும் பிசகாமல் எழுதினால், வந்தவர் எழுந்து, முகம் கழுவி, "அப்போ நான் வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். பிசகினால் போகமாட்டார். பேர் தப்பினால் அசையவே மாட்டார், வருசம் தப்பினால் தெருமுனை வரைக்கும், பக்கம் மட்டும் தப்பினால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிடுவார். ஆகையால் காய்கறி விற்கிற அம்மாக்கள்கூட, "என்ன ஆளு திரும்பி வந்துட்டாரு, பக்கத்தைச் சரியாப் போடலியோ?" என்று தராசைப் பிடித்தபடியே கேட்கப் பழகிக்கொண்டார்கள்.

இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் உலகம்மாள் தன் ஆய்வேட்டை முடிக்கிற அவசரத்தில் இருந்தாள். அவள் அந்தக் கல்லூரித் தமிழ்த்துறையில் தற்காலிக விரிவுரையாளர். புருசன் ஆவுடையப்பன் மூன்று வருசத்துக்கு முன்னால் மார்வலி என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. பிள்ளை குட்டி இல்லை. மேலத்தெரு வீட்டில் அவளும் மாமியார் கோமதியும்தான், இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு என்றால் தண்ணீர் வந்ததா, பால்காரன் வந்தானா, அவ்வளவுதான். சண்டையும் கிடையாது, ஒட்டுதலும் கிடையாது. கடையத்தில் கட்டிக்கொடுத்த மகள் வாரத்துக்கு ஒருதரம் போன் போட்டு, "எம்மா, அங்க ஒனக்கு இனி யாரு இருக்கா? வந்திரு" என்று கூப்பிடுவாள், கோமதி, "வாரேன் வாரேன்" என்பாள், போகமாட்டாள்.

'சேந்தன்குறிச்சி வட்டாரக் குளப்பெயர்கள் – ஓர் ஆய்வு' என்பது உலகம்மாளின் தலைப்பு. வெயில் மழை பார்க்காமல் குளம் குளமாக ஏறி இறங்கி ஏழு வருசத்தைத் தின்ற தலைப்பு. தை மாசக் கடைசிக்குள் சமர்ப்பித்தால் பட்டம், பட்டம் கிடைத்தால் அவள் வேலை நிரந்தரம். இரண்டுதரம் நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, இனி நீட்டிப்புக் கிடையாது என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. தை தப்பினால் ஏழு வருசமும் குப்பை, வேலையும் போச்சு. இது அவளுக்கும் தெரியும், கோமதிக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும்.

அவள் வீட்டுக்கும் மேற்கோள்காரர்கள் வரத்தான் செய்தார்கள். அந்தக் காலத்தில் ஜில்லாவை அளந்த வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் தொப்பியோடு வந்து, தயிர்ச்சோற்றுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். மதுரைப் பக்கத்துப் பேராசிரியை ஒருத்தர் வந்து, உலகம்மாள் வகுப்புக்குப் போன நேரத்தில் அலமாரியை ஒழுங்கு பண்ணிவைத்தார். உலகம்மாள் ராசாத்தி, மாய்ந்து மாய்ந்து நூலகத்துக்கு நடந்து ஒவ்வொருத்தருக்கும் பக்கம் பார்த்து, வருசம் பார்த்து, அடிக்குறிப்பு எழுதி அனுப்பிவைத்தாள். துரைக்கு மட்டும் மறுபதிப்பின் பக்கத்தைப் போட்டுவிட்டதால் அவர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பி வந்து இன்னொரு பாட்டில் ஊறுகாயைக் காலி பண்ணினார்.

அவளுடைய நெறியாளர் குற்றாலலிங்கம் ஐயா, அவர் கெட்டிக்காரர். "எதுக்கும்மா இவ்வளவு சிரமம்? எங்க காலத்துல, எங்க எடுத்தோம்னு ஞாபகம் இல்லேன்னா 'என்பர் அறிஞர்'னு ஒண்ணு போட்டுருவோம். எந்த அறிஞர்னு எவன் கேக்கப் போறான்?" என்றார். தமிழ்நாட்டில் தமிழ் படித்தவர்கள் யார்தான் அதைப் போடவில்லை? உலகம்மாளும் அலுத்துப்போய், மூன்றாம் இயலில் ஆள் தெரியாத ஒரு கருத்துக்கு அடியில் 'என்பர் அறிஞர்' என்று போட்டுவைத்தாள்.

மறுநாள் காலையில் கோமதி கோலம் போடக் கதவைத் திறந்தால் தெரு நிறைய அறிஞர்கள். எல்லாருக்கும் கழுத்தில் பொன்னாடை, கையில் நினைவுப்பரிசு, முகம் மட்டும் ஒருத்தருக்கும் சரியாக விளங்கவில்லை. பேர் கேட்டால், "அறிஞர்" என்றார்கள். ஊர் கேட்டால் சிரித்தார்கள். மேலத்தெரு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் உட்கார்ந்துகொண்டு, காலையில் காப்பியும் பத்து மணிக்கு மோரும் எதிர்பார்த்தார்கள். பேர் இல்லாதவர்களை எந்த அடிக்குறிப்பு போட்டு அனுப்புவது? குற்றாலலிங்கம் ஐயா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கூட்டத்தில் ஒருத்தர் தன்னைப் பார்த்துக் கையசைத்ததும், வகுப்பு இருக்கிறது என்று போய்விட்டார். கடைசியில் உலகம்மாள் அந்தக் கருத்தையே அடித்துவிட வேண்டியிருந்தது. அடித்ததும் அறிஞர்கள் பெருமூச்சு விட்டு எழுந்து, டவுன் பஸ்ஸில் இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு ஏறிப் போனார்கள். அன்றையிலிருந்து உலகம்மாள் ஒரு வரியைக்கூட ஆள் தெரியாமல் எழுதியதில்லை. சேந்தன்குறிச்சியில் அடிக்குறிப்பு என்றால் உலகம்மாள் என்று பேராகிவிட்டது.

மார்கழி கடைசியில் முடிவுரை எழுதினாள். அதில் முதல் வாக்கியத்தைப் படித்துவிட்டுக் குற்றாலலிங்கம் ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். 'நீர் உள்ளவரை குளத்துக்குப் பெயர் தேவைப்படுவதில்லை, வற்றிய பின்னரே பெயர் தேவைப்படுகிறது.' "இது ஒண்ணு போதும்மா, உனக்குப் பட்டம் கொடுக்க. யாரு சொன்னது?" என்றார். "நானே எழுதினது சார்" என்றாள் உலகம்மாள், சொல்லும்போதே அவளுக்கு மேலெல்லாம் புல்லரித்தது. ஊர்ப்பட்ட பேருடைய வாக்கியங்களுக்கு நடுவில் ஒரே ஒரு வாக்கியம் நம்முடையது என்று, வீட்டுக்கு வந்து அதை நல்ல தாளில் எடுத்து எழுதிவிட்டுச் சந்தோசமாகத் தூங்கினாள்.

விடிந்து அவள் தோசைக்கல்லைப் போட்டிருக்கும்போது வெளிக்கேட்டு கிரீச்சிட்டது. ஆவுடையப்பன் வெள்ளைச் சட்டையும், பையில் பேனாவும், அக்குளில் மனை வரைபடச் சுருளுமாக உள்ளே வந்து, செருப்பை எப்போதும் போல வழியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, "ஏட்டி, ஒரு டீயைப் போடு" என்றான்.

கோமதி முற்றத்தில் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்தாள். மகனை மேலும் கீழும் பார்த்தாள். "மெலிஞ்சு போயிட்டியேய்யா" என்றாள்.

உலகம்மாள் கரண்டியோடு அடுக்களை வாசலுக்கு வந்தாள். "நீங்க எப்படி வந்தீக?"

"எப்படின்னா? என் வாக்கியம் ஒண்ணு ஒங்கிட்ட இருக்குன்னாவ. வந்தேன்."

"ஒங்க வாக்கியமா? நீங்க எந்தக் காலத்துல புஸ்தகம் எழுதுனீக?"

"புஸ்தகத்துல எழுதுனாத்தான் வாக்கியமாட்டி? நொச்சிக்குளத்தைப் பிளாட் போட்டு வித்தோம்லா, அன்னைக்கு இந்தா, இதே இடத்துல உக்காந்து தோசை தின்னுக்கிட்டே சொன்னேன். 'குளத்துல தண்ணி கெடக்கும்போது பேரை எவன் கேக்கான்? வத்துன பொறவுதான் பேரே வேணும்'னு. நீ மண்டையை ஆட்டிக்கிட்டே தோசையைத் திருப்புன. நான் நெனைச்சேன், இவ கேக்கவே இல்லன்னு."

ஆவுடையப்பன் மனை வியாபாரத் தரகன். வற்றின குளங்களைக் கூறு போட்டு விற்கிறவன், தாமரைக்குளம் நகர், நொச்சிக்குளம் கார்டன் என்று வளைவு கட்டிப் பேர் எழுதுகிறவன். அவள் குளங்களைத் தேடித் தேடிப் பேர் எழுதிக்கொண்டிருந்த ஏழு வருசத்தில் பாதி வருசம் அவன் அதே குளங்களை விற்றுக்கொண்டிருந்தான். அதனால் வீட்டில் சண்டை வராத நாள் கிடையாது. அந்த மனுசன் வியாபாரத் தமாசாகச் சொன்ன பேச்சுதான், நல்ல வேட்டி கட்டிக்கொண்டு முடிவுரையில் உட்கார்ந்திருக்கிறது. உலகம்மாளுக்கு ஞாபகம் வந்துவிட்டது, வந்ததும் அழுகை வெடித்தது. "ஏழு வருசம் நாயா அலைஞ்சேன். ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம் எனக்குன்னு எழுதிட்டேன்னு நெனைச்சா, அதுவும் ஒங்களுதுதானா?" என்று கரண்டியோடு நின்று அழுதாள்.

"சரி சரி, தோசை தீயுது பாரு" என்றான் ஆவுடையப்பன்.

தெரு ஒரு நாளில் இதை ஜீரணித்துவிட்டது. துரை வந்து தயிர்ச்சோறு தின்ற வீட்டில் புருசன் வந்து தோசை தின்றால் என்ன அதிசயம்? எதிர்வீட்டுப் பாக்கியத்தாய் மட்டும், இவள் இனிப் பூ வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று ஒரு சந்தேகத்தைக் கிளப்பினாள், கோயில் பூசாரி, மேற்கோளாக வந்தவர் புருசன் கணக்கில் வரமாட்டார், வந்தாலும் வரலாம் என்று சொல்லி நழுவிவிட்டார். உலகம்மாள் யாரையும் கேட்காமல் ஒரு முழம் பிச்சிப்பூ வாங்கி வைத்துக்கொண்டாள். வீட்டில் பேச்சு திரும்பி வந்தது. ஆவுடையப்பன் பாதி நாள் அம்மாவைக் கேலி பண்ணினான், பாதி நாள் பெண்டாட்டியைக் கேலி பண்ணினான், கோமதியும் உலகம்மாளும் அவனைப் பற்றி ஒருத்திக்கொருத்தி புகார் சொல்லி, அந்தச் சாக்கில் பேசக் கற்றுக்கொண்டார்கள்.

ஆனால் ஒன்று. அவன் காலையில் எழுந்ததும், "என் பேரைப் போட்டாச்சா?" என்று கேட்பான். உலகம்மாள், "நாளைக்குப் போடுதேன்" என்பாள். உயிரோடு இருந்த காலத்தில் அவன் பேர் வந்ததெல்லாம் பிளக்ஸ் போர்டில் போன் நம்பருக்குக் கீழேதான், பல்கலைக்கழகத்துக்குப் போகிற புஸ்தகத்தில் தன் பேர் வரப்போகிறது என்ற ஆசை அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரியும். பேரைப் போட்டால் இவர் போய்விடுவாரே என்ற பயம் அவளுக்கு. இன்றைக்கு நாளைக்கு என்று தை பிறந்து, பொங்கல் முடிந்து, கரும்புச் சக்கை காய்ந்து, குற்றாலலிங்கம் ஐயா போனுக்கு மேல் போன் போட ஆரம்பித்துவிட்டார்.

கோமதி ஒரு நாள் அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு மருமகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏத்தா உலகு, அந்தப் பட்டம் நமக்கு வேண்டாம். தாயீ, என் பிள்ளையைப் போகச் சொல்லிராத. நான் வடை சுட்டு வித்தாவது ஒனக்குச் சோறு போடுதேன்."

"எனக்கு மட்டும் அவுகளை அனுப்பணும்னு ஆசையா அத்தே?" என்றாள் உலகம்மாள். இரண்டு பேரும் அழுதார்கள். வெளியிலிருந்து, "எழுதியாச்சாட்டி?" என்று குரல் வந்தது.

கடைசித் தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவனே சொல்லிவிட்டான். "நான் பிளாட்டு வித்தப்போ நீ பேசுன பேச்செல்லாம் நெசம்தான்டி. ஏழு குளத்தை நான் மூடியிருக்கேன், நீ எழுதினாத்தான் அதுக்கெல்லாம் பேராவது மிஞ்சும். என்னால இது நின்னுச்சுன்னு வராண்டாம். எழுது."

வாய்மொழியாகச் சொன்னவருக்குப் பக்கம் கிடையாது, அதற்குப் பதில் தகவலாளர் பட்டியல் என்று கடைசியில் ஒன்று உண்டு. பெயர், வயது, தொழில், ஊர், எப்போது சொன்னது, அவ்வளவும் எழுதவேண்டும். உலகம்மாள் எழுதினாள். எழுதினதை வாய்விட்டுப் படித்தும் பார்த்தாள். "ஆவுடையப்பன். வயது நாற்பத்து நான்கு. மனை விற்பனைத் தரகர், ஆய்வாளரின் கணவர். சேந்தன்குறிச்சி மேலத்தெரு. தோசை சாப்பிடும்போது சொன்னது, நொச்சிக்குளம் விற்ற அன்று." கோமதி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

ஆவுடையப்பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாதித் தட்டில் எழுந்தான், கை கழுவினான், முகம் கழுவினான். "அப்போ நான் வாரேன்" என்றான். உலகம்மாள் வாசலில் நின்று பார்த்தாள், தெருமுனை வரைக்கும் போனான், பாக்கியத்தாய் வீட்டு முருங்கை மரத்தடியில் நின்றான், நின்று நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டான். எதிலோ பிசகு.

கோமதிக்குத் தாங்கமுடியாத சந்தோசம், பால் பாயசமே வைத்தாள். ஆனால் மறுநாளும் சோற்றில் கை வைத்த நாலாவது வாயில் அவன் எழுந்துவிட்டான், கை கழுவினான், தெருமுனைக்குப் போனான், திரும்பி வந்தான். அதற்கு மறுநாளும் அப்படியே. பேர் எழுதுமுன் நிம்மதியாக உட்கார்ந்து தின்றவன், எழுதின பிறகு உட்காரவும் முடியாமல் போகவும் முடியாமல் ஆகிவிட்டான். தட்டில் பிசைந்த சோறு பிசைந்தபடி கிடக்கும். கால் புழுதியாக வந்து நின்று, "என்னமோ சரியில்லட்டி, பாரேன்" என்பான், கேலி கிண்டல் எல்லாம் போயிற்று. உலகம்மாள் பத்திரத்தை எடுத்து நொச்சிக்குளம் விற்ற தேதியைப் பார்த்தாள், சரி. ஊர் சரி, தொழில் சரி. எழுத்து எழுத்தாகப் பார்த்தும் அவள் கண்ணுக்குப் பிசகு படவில்லை. சேந்தன்குறிச்சிக்கே அடிக்குறிப்பு சொல்லிக்கொடுத்தவளுக்குத் தன் புருசன் கணக்கு பிடிபடவில்லை.

தையின் கடைசி நாள் மத்தியானம் கோமதி மகனுக்குப் பிடித்த சுண்டவத்தல் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு வாய் தின்றான், எழுந்தான். கேட்டுச் சத்தம் கேட்டது. கோமதி அந்தத் தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டில் பாதியில் எழுந்திருக்கிற பிள்ளையை எந்தத் தாய்தான் எத்தனை நாள் பார்ப்பாள்?

"வயசு தப்பு" என்றாள்.

உலகம்மாள் திரும்பினாள்.

"அவனுக்கு நாப்பத்தொண்ணு. நாப்பத்துநாலு இல்ல. நாப்பத்தொண்ணுலயே நின்னுட்டுல்லா."

உலகம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒவ்வொரு ஆடியிலும் அவன் பிறந்த நாளுக்கு ஒன்றைக் கூட்டி, ஒன்றைக் கூட்டி, அவன் போன பிறகும் நிறுத்தாமல் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறாள், கூட்டுகிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"நீ படிச்சுக் காட்டுன அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றாள் கோமதி. "வேணும்னுதான் வாயை மூடிக்கிட்டேன். ஒன்னைய என்ன சொல்ல, பெத்தவ நானே கூட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். மாத்தி எழுதுத்தா. என் பிள்ளை ஒருநாளாவது வயித்துக்குச் சாப்பிடட்டும்."

ஆவுடையப்பன் திரும்பி வந்ததும் அவனை உட்காரவைத்து இரண்டு பேரும் பரிமாறினார்கள். எழுதுமுன் போல நிம்மதியாகத் தின்னட்டும் என்று உலகம்மாள் பட்டியலில் அவன் பேரை அடித்துவிட்டு, அவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பேனாவை மூடியே வைத்திருந்தாள். அவன் குழம்பும் தின்றான், ரசமும் தின்றான், தயிரும் ஊற்றிப் பிசைந்து தட்டை வழித்துத் தின்றான், பெரிசாக ஏப்பம் விட்டான். அதற்குப் பிறகுதான் அவள் பேரைத் திரும்ப எழுதி, நான்கை அடித்து ஒன்று என்று எழுதினாள். அவன் கை கழுவினான், முகம் கழுவினான், வரைபடச் சுருளை எடுக்காமலே கிளம்பினான். வாசலில் நின்று அம்மாவை ஒருதரம், பெண்டாட்டியை ஒருதரம் பார்த்தான். "என் பேரு எத்தனாம் பக்கத்துலட்டி?" என்றான். சொன்னாள். "நல்ல எடந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான். முருங்கை மரத்தையும் தாண்டிப் போனான்.

உலகம்மாள் அழுதுகொண்டே ஆட்டோ பிடித்துப் போய் ஆய்வேட்டைக் கட்டுக்கட்டி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, தன் பிரதியோடு வீடு திரும்பினாள். வந்து பார்த்தால் கோமதி தலையைச் சீவி முடிந்து, மஞ்சள் பையில் துணிமணியை எடுத்துவைத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தாள்.

"கடையத்துக்கு அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போறேன்" என்றாள். "அவன் எப்பவாவது வருவானோன்னு ஒரு கிறுக்குல இத்தனை நாள் கெடந்தேன். வந்துட்டான், போயிட்டான். ஒனக்கும் வேலை ஆயிரும். இனி எனக்கு இங்க என்ன இருக்கு? நீ யாரு, நான் யாரு?"

உலகம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிரதியைப் பிரித்து, தகவலாளர் பட்டியலை எடுத்து மாமியார் மடியில் வைத்து, திருத்தின இடத்தில் விரலை வைத்தாள்.

"அத்தே, இந்த வயசை யாரு சொன்னா?"

"நான்தான் சொன்னேன்."

"ஒங்க பேரு இதுல எங்கயாவது இருக்கா பாருங்க."

கோமதிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். விரலை ஓட்டி அந்தப் பக்கம் முழுக்கப் பார்த்தாள், மறுபக்கமும் பார்த்தாள். "இல்லையே" என்றாள்.

"சொன்னவுக பேரை எழுதலேன்னா, அவுக எழுதுனவ வீட்டுலதான் இருக்கணும். ஊருக்கே தெரியும். அஞ்சு மணி பஸ்ஸுல எப்படிப் போவீக?"

கோமதி பட்டியலை மடியிலிருந்து எடுத்து மருமகள் கையில் கொடுத்தாள். அப்புறம் பையை எடுத்து ஆணியில் மாட்டினாள்.

"என்னைக்காவது ஞாபகத்துல என் பேரை எழுதித் தொலைச்சிராத" என்று சொல்லிவிட்டு, ராத்திரிக்கு அரிசி களையப் போனாள்.